வெண்கலப் பானைக்குக் கேட்ட பாஸ் கிட்டார்

எங்கள் குடும்பத்தில் ஒரு பொருள் வீட்டில் இருப்பதற்கு இரண்டே காரணங்கள்தான் உண்டு. விற்பதற்காக வாங்கியிருப்போம், அல்லது இன்னும் விற்றிருக்காது. ஆசைக்காக என்று மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்பதை, அருப்புக்கோட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் அப்பாவுக்கு விளங்கவைக்கப் பத்து வருடம் முயன்று தோற்றுப்போனேன். கடைசியில் பொய் சொன்னேன். "பாஸ் கிட்டார் வாசிக்கலப்பா. வாங்கி விக்கிறேன்."

அவர் முகம் மாறிவிட்டது. "அப்பிடிச் சொல்லு. நானும் என்னமோ வேலவெட்டி இல்லாம கெடக்கியோன்னு நெனச்சேன்" என்றார். அன்றிலிருந்து கடைக்கு மேலே இருக்கும் மச்சு அறை எனக்கு வந்தது. பழைய கட்டடம். மச்சுக்குத் தரை மரப்பலகைதான். மேலே நடந்தால் கீழே கல்லாவில் இருப்பவர் தலையில் தூசி விழும்.

பாஸ் கிட்டாருக்கு நாலு கம்பி. இதைப் பார்த்தவர்களில் ஒருவர்கூட "மிச்சம் ரெண்டு கம்பி எங்க?" என்று கேட்காமல் இருந்ததில்லை. பிறவியிலேயே நாலுதான் என்று ஆரம்பத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன். பிறகு அலுத்துப்போய், "ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்" என்று சொல்ல ஆரம்பித்தேன். எல்லோரும் திருப்தியாகப் போய்விடுகிறார்கள். அதன் சத்தமும் அப்படித்தான். தனியாகக் கேட்டால் பக்கத்துத் தெருவில் யாரோ குழி தோண்டுகிற மாதிரி இருக்கும். கச்சேரியில் மற்ற வாத்தியங்களோடு சேர்ந்தால் அதுவும் கேட்காது. சொந்தக்காரர் வீட்டு வரவேற்பில் இரண்டு மணி நேரம் விரல் தேய வாசித்துவிட்டு இறங்கினேன். சித்தப்பா முறை ஆகும் ஒருவர் தோளில் கை போட்டு, "ஒன் மைக்க அமத்திட்டாய்ங்க போலப்பா, நம்ம ஆளுகளே இப்பிடித்தான்" என்று எனக்காக வருத்தப்பட்டார். மைக் நன்றாகத்தான் இருந்தது.

வியாபாரம் என்று வாய்விட்டபிறகு வியாபாரம் செய்யாமல் இருக்க முடியுமா? செல்போனில் பழைய கிட்டார் விளம்பரங்களை மேய்ந்து மேய்ந்து அந்த மொழி எனக்கு அத்துப்படியானது. 'அதிகம் வாசிக்காதது' என்றால், விற்பவருக்குக் கடைசிவரை வாசிக்க வரவில்லை. 'சிறு கீறல்' என்றால் பைக்கிலிருந்து விழுந்தது. 'வெளிநாடு செல்வதால் அவசர விற்பனை' என்று போட்ட ஒருவரை இரண்டு வருடம் கழித்து எங்கள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வடை தின்றுகொண்டிருந்தார். என் விளம்பரங்களும் ஒன்றும் உசத்தியில்லை. 'அறைக்குள் மட்டுமே வாசிக்கப்பட்டது' என்று போடுவேன். வெளியே யாரும் கூப்பிடவில்லை என்பதைச் சொல்லமாட்டேன்.

மூன்று செத்த கிட்டார்களை வாங்குவேன். ஒன்றின் உடம்பு, ஒன்றின் கழுத்து, ஒன்றின் பிக்கப். பிக்கப் என்றால் கம்பியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் காந்தத்துண்டு. மூன்றையும் சேர்த்து ஒன்றுக்கு உயிர் கொடுப்பேன். மிச்சமாகும் எலும்புகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவேன். உயிர் வந்ததை நாலு நாள் வாசித்துவிட்டு விற்பேன். அப்பா கணக்கில் நான் உருப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அவற்றில் ஒரு பச்சை கிட்டார் இருந்தது. அதுவும் இப்படிச் சேர்த்ததுதான், ஆனால் சேர்க்க ஒரு வருடம் பிடித்தது. உடம்புக்குப் பாளையம்பட்டி ஆசாரி ஒருவரிடம் பூவரசம்பலகை அறுக்கக் கொடுத்தேன். நான் கொடுத்த அளவுத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எப்பிடிண்ணே உக்காருவீக?" என்று கேட்டார். கழுத்து, மதுரையில் மெல்லிசைக் குழுவை விட்டு ஓய்ந்த ஒருவரிடம் வாங்கியது. பெயின்ட் அடிக்க எனக்குத் தெரிந்த நல்ல கை, பந்தல்குடி ரோட்டில் லாரிகளுக்கு அடிப்பவர்தான். லாரிப் பச்சையில் கண்ணாடி மாதிரி அடித்துக் கொடுத்தார். நான் கேட்காமலே இரண்டு ஓரத்திலும் தாமரைப் பூவும் வரைந்திருந்தார். "வெறுமனே விட மனசு வரலண்ணே" என்றார்.

கம்பி கட்டி, முறுக்கி, தடித்த கம்பியை முதல் தடவை மீட்டியபோது பலகைத் தரை வழியாக என் உள்ளங்காலுக்கு அது வந்தது. எத்தனையோ கிட்டார் சேர்த்திருக்கிறேன். எதிலும் இப்படி வந்ததில்லை. ஏன் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கண் கலங்கிவிட்டது. இதை மட்டும் விற்பதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன். முடிவை அப்பாவிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

அப்பா கீழேயிருந்து தினமும் கத்துவார். "ஏன்டா, பானையெல்லாம் நடுங்குது! கீழ யாவாரம் பாக்கவா வேண்டாமா?" நான் சத்தத்தைக் குறைப்பேன்.

இங்கே போணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காலையில் கடை திறந்ததும் நடக்கும் முதல் விற்பனை அது. போணி ஆகும்வரை எங்கள் கடையில் 'இல்லை' என்ற வார்த்தை கிடையாது. கேட்ட சாமான் இல்லையென்றால் "நாளைக்கு வருது" என்பார் அப்பா. முதலில் வருகிற ஆள் வெறுங்கையோடு படியிறங்கினால் அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்காது. கரண்டி வாங்க வந்தவரிடம் விலையை இறக்கி இறக்கி, கிட்டத்தட்டக் கையில் திணித்து அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன்.

சிவப்பு கிட்டார் ஒன்றை விற்க விளம்பரம் போட்டிருந்தேன். திருச்சுழி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் சாயங்காலம் வருவதாகச் சொன்னார். டிராக்டர் ரிப்பேர் பார்ப்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் மாதா கோயிலில் வாசிப்பவர். சாயங்காலம்தானே என்று நான் விடியற்காலையிலேயே பந்தல்குடிக்கு இன்னொரு செத்த கிட்டாரைப் பார்க்கப் போய்விட்டேன். அவருக்கோ டவுனில் வேறு வேலை வந்துவிட, கடை திறந்த கையோடு வந்து நின்றிருக்கிறார்.

நான் திரும்பியபோது அப்பா முகம் பூரித்திருந்தது. "பச்சைய வித்துட்டேன்" என்றார். "நீ எழுதிப் போட்டதுக்கு மேலயே."

"செவப்புதானப்பா விக்கிறதுக்கு!"

"ரெண்டயும் எடுத்துக் காமிச்சேன். செவப்பத் தடவிப் பாத்துட்டு வச்சுட்டாரு. பச்சையத் தூக்குனவரு கீழ வைக்கல. வெல கேட்டாரு."

"விக்கிறதுக்கு இல்லன்னு சொல்லவேண்டியதுதான?"

அப்பா என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். "போணி ஆகலடா" என்றார். "வந்து நிக்கிறவுகட்ட இல்லன்னு சொல்லச் சொல்றியா?" கூடவே ஒரு எவர்சில்வர் டம்ளரும் இனாமாகக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவுமில்லை. மச்சில் படுத்துக்கொண்டு, பச்சையை மாட்டிவைத்திருந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மதியம் கீழேயிருந்து சத்தம் வந்தது. "ஏலே, வாசிடா!"

என் காது மேலேயே எனக்குச் சந்தேகம். எட்டிப் பார்த்தேன். மானாவாரி வெள்ளாமை பார்க்கும் சம்சாரிக் குடும்பம் ஒன்று, மகள் கல்யாணத்துக்குச் சீர்ப்பாத்திரம் எடுக்க வந்து உட்கார்ந்திருந்தது. அப்பாவுக்குப் பின்னால் உயரத்தட்டில் பெரிய வெண்கலப் பானை. "வாசிடான்னா" என்றார் மறுபடியும், மச்சைப் பார்த்துக்கொண்டு.

சிவப்பை எடுத்து வாசித்தேன். "தடிச்ச கம்பி, தடிச்ச கம்பி" என்றார். கம்பிகளைத் தரம் பிரிக்க அவர் எப்போது கற்றுக்கொண்டார்? தடித்த கம்பியை மீட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து அப்பா விரல் முட்டியால் பானையைத் தட்டும் சத்தம் கேட்டது. எல்லாக் கடைக்காரரும் தட்டுகிற மாதிரி.

குடும்பம் வேறு பானை எடுத்துக்கொண்டு போனதும் விஷயம் வெளியே வந்தது. நான் பச்சையின் தடித்த கம்பியை வாசிக்கும்போதெல்லாம் அந்த வெண்கலப் பானை தானாக ரீங்கரித்திருக்கிறது. சிவப்புக்கு அது வாயைத் திறக்கவில்லை. வந்தவர்களிடம் அப்பா குரலைத் தாழ்த்தி, "பாத்தீகளா? தட்டாமலே பாடுது. நல்ல வெங்கலம் அப்பிடித்தான்" என்று சொல்லி, அதே மாதிரிப் பானைகளாக விற்றுத் தள்ளியிருக்கிறார். என்னிடம் கத்தியதெல்லாம் வீம்புக்காவது நான் வாசித்துக்கொண்டே இருக்கட்டும் என்றா, அல்லது எனக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்றா, கேட்டேன்.

"அந்த டிராக்டர்க்காரவுகட்ட போ" என்றார். "பேசி வாங்கிட்டு வா."

போன் செய்தேன். "ஞாயித்துக்கெழம வாங்கண்ணே, கோயில்லதான் இருப்பேன்" என்றார் அவர். மாற்றிக்கொள்ளலாம் என்று சிவப்பைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். திருச்சுழி தாண்டுவதற்குள் மூன்று பேர் மிச்சக் கம்பிகளை விசாரித்தார்கள்.

பூசை ஆரம்பித்துவிட்டது. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பீடத்துக்குப் பக்கத்தில் அவர் பச்சையை மாட்டிக்கொண்டு நின்றார். தாமரை தெரிந்தது. பாட்டு ஆரம்பித்தது. வாசிக்கிற இடத்தில் இருந்தே பழகியவன் நான். அது போய்ச் சேருகிற இடத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்திருந்த பெஞ்சுப் பலகைக்குள் அது வந்தது. எனக்கு முன்னால் இருந்த அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "இன்னைக்குப் பாட்டு கால்ல ஏறுது பாத்தியாக்கா" என்றார். இத்தனை வருடமாக யாராவது ஒருவர் சொல்லமாட்டார்களா என்று நான் ஏங்கிய வார்த்தை. அவர் வேறொருவர் வாசிப்புக்குச் சொன்னார். சேர்த்தது நான்தான் என்று எழுந்து சொல்லவேண்டும் போல் இருந்தது. சொன்னால் வெளியே போகச் சொல்லியிருப்பார்கள்.

பூசை முடிந்ததும் வேப்பமரத்தடியில் டிராக்டர்க்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து எங்கள் கடை பில்லை எடுத்து விரித்து, அடியில் அச்சடித்திருந்த வரியைக் காட்டினார். 'விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்படமாட்டாது.'

"ஒங்க கடைச் சட்டந்தாண்ணே" என்றார். "நான் ஒன்னும் சொல்லல."

அந்த 'எக்காரணம் கொண்டும்' பில் புத்தகம் அச்சுக்குப் போனபோது நான் சேர்த்தது. ஒரு அழுத்தம் இருக்கட்டும் என்று.

என் தோளில் இருந்த சிவப்பைப் பார்த்தார். "அத விக்கிறீகளா? கோயில்ல பழகுறவுகளுக்கு ஆகும்" என்றார். விலை சொன்னேன். வாங்கிக்கொண்டார். ஒன்றை மீட்கப் போனவன் இரண்டாவதையும் விற்றுவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

கடைவாசலில் அப்பா என் தோளைத்தான் முதலில் பார்த்தார். நடந்ததைச் சொல்லி, எங்கள் பில் புத்தகத்தை எடுத்து அந்த வரியைக் காட்டினேன். கண்ணாடி போட்டு, யாரோ எழுதிய மொட்டைக் கடிதத்தைப் படிப்பது போலப் படித்தார். மூடி வைத்தார். நாற்காலி போட்டு ஏறி, பானையில் ஒட்டியிருந்த விலைச்சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார். "இன்னொன்னு செய்" என்றார்.

அன்றிலிருந்து சேர்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் கம்பி கட்டி முதல் தடவை மீட்டியதும் கீழேயிருந்து தீர்ப்பு வரும். "பாடல! அத வித்துரு!" விற்றுவிடுவேன். அப்படி நாலு போய்விட்டது. பாளையம்பட்டி ஆசாரி இப்போது உட்காருவதைப் பற்றிக் கேட்பதில்லை. லாரி பெயின்டருக்குத் தாமரை போடுமாறு நானே சொல்கிறேன். எதனால் வந்தது என்று தெரியாதபோது எதையும் விட முடிவதில்லை.

போன வாரம் ஐந்தாவது. காலையில் ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது. தடித்த கம்பியை மீட்டினேன். கீழே ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை மீட்டினேன். தீர்ப்பு வரவில்லை. மனசு கேட்காமல் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினேன்.

கடைக்குள் ஒருவர் பையோடு நின்றிருந்தார். அன்றைய முதல் ஆள். என்னவோ கேட்டிருக்கிறார். அப்பாவின் ஒரு கை அந்த ஆளைப் பேசாதே என்று தடுத்து உயர்ந்திருந்தது. இன்னொரு கை பானையின் வயிற்றில் இருந்தது. இன்னும் போணி ஆகவில்லை.

"அண்ணாச்சி, நேரமாச்சு, நான் வாரேன்" என்று அவர் படியிறங்கினார்.

அப்பா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஏன்டா நிப்பாட்டுன?" என்றார்.