வலிக்காத கடியை நம்பாதவர்

அமலா சிஸ்டர் இறந்துவிட்டார் என்று மைத்துனன் போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. கடலோர அரசு மருத்துவமனையில் அவரோடு வேலை பார்த்த இருவரிடம் விசாரித்த பிறகே ஒப்புக்கொண்டேன். அவரை அறிந்தவர்கள் சிரிப்பீர்கள். இந்தச் சந்தேக புத்தி அவரிடமிருந்து எனக்குத் தொற்றியதுதான்.

நான் வலங்கைமான்காரன். வயல் வாய்க்காலில் தண்ணீர்ப்பாம்பைக் கையால் தூக்கி எறிந்து வளர்ந்தவன். அந்தத் திமிரோடுதான் கடலோரத்தில் இறால் குட்டை குத்தகைக்கு எடுத்தேன். ஒருநாள் காலை, கடல்நீர் நுழையும் மதகு வலையில் கெளுத்தி மீன்களை எடுக்கும்போது பாம்பு ஒன்று விரலைக் கடித்தது. வலியில்லை, வீக்கமில்லை. மைத்துனன்தான் மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"தண்ணிப்பாம்புங்க. கட்டுப் போட்டு விடுங்க, நாளைக்கு இறால் அறுவடை. நாலு மாசப் பாடு" என்றேன்.

"வால் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் சிஸ்டர்.

"பட்டையா, துடுப்பு மாதிரி."

திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அப்ப அது கடல்பாம்பு. கெளுத்தி தேடி மதகு வரைக்கும் வரும். தண்ணிலயே கெடக்கும், ஆனா மூச்சுக்கு மேல வந்தாகணும். முட்டை கெடையாது, குட்டிதான் போடும். நான் கடலோரத்துல பொறந்தவ சார். அது கடிச்சா வலிக்காது. வலிக்கலன்னாதான் எனக்குச் சந்தேகம்."

மணிக்கொரு தரம் சிறுநீரைப் பாட்டிலில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார். சற்று நேரத்தில் கழுத்தும் தொடையும் இறுகின. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மதியம் சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் வந்தது. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள், அறுவடை போச்சு என்று அதைக் கொட்டிவிட்டேன். குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் டீயைக் கலந்து நீட்டினேன். அவ்வளவு முட்டாள் நான்.

அவர் பாட்டிலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "ஜில்லுனு இருக்கே சார். உடம்புலேருந்து வந்தா சூடா இல்ல இருக்கணும்?"

பாட்டிலை மேசையில் வைத்தார்.

"இந்த விஷம் சதையைக் கரைச்சு கிட்னியை அடைக்கும். எங்ககிட்ட இருக்கிற பாம்புக்கடி ஊசி இதுக்குக் கேக்காது. உள்ளதைச் சொல்லுங்க."

"கறுப்பா போச்சு சிஸ்டர். பயமா இருக்கு."

ஆம்புலன்ஸில் அவரும் ஏறிக்கொண்டார். தஞ்சாவூர் வரை என் இமை சரிகிறதா, மூச்சு திணறுகிறதா என்று மாறிமாறிப் பார்த்தபடியே வந்தார். டயாலிசிஸ் செய்து பிழைக்க வைத்தார்கள். பாட்டில் விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானே இப்போதுதான் எழுதுகிறேன்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வெளியே வந்தோம். "நல்லாருக்கீங்களா அத்தான்?" என்றான் மைத்துனன். 'நல்லாருக்கேன்' என்ற வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்தது.

"இல்லடா" என்றேன். சிஸ்டர் எனக்கு விட்டுப்போனது, உள்ளதைச் சொல்லும் அந்த ஒரு சொல்.