எலியாவின் காகமும் தியாகலிங்கத்தின் விரதமும்

ஓக்லாந்து மவுண்ட் ரோஸ்கில் தியாகலிங்கம் பசி பொறுக்காத மனிதர். அவரைக் கண்டால் வீட்டு ஃபிரிட்ஜ் தானாகவே கதவைத் திறக்கும் என்பார்கள். அது பொய், நான் பார்த்தபோது பாதிதான் திறந்தது.

அப்படிப்பட்டவரை 1994இல் ஏழரைச் சனி பிடித்தது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் விரதம். காகம் ஒரு வாய் தின்ற பிறகுதான் அவர் தின்னலாம். ஓக்லாந்திலோ மருந்துக்கும் காகம் கிடையாது. முதல் சனிக்கிழமை ஒரு கடற்பறவை வந்து வடையைத் தூக்கியது.

"வெள்ளைக் காகம் எண்டு நினைச்சுச் சாப்பிடுங்கோவன்" என்றாள் மனைவி ராசமணி.

"சனீஸ்வரனை ஏமாத்தச் சொல்லுறியோ?" என்றவர் பட்டினியாகவே படுத்தார்.

அந்த வாரம் பஸ்ஸில் ஒட்டியிருந்த ஓவியக் கண்காட்சி விளம்பரம் ஒன்றில் காகங்களைக் கண்டார். அடுத்த சனிக்கிழமை டிபன் கரியரோடு அங்கே போய் நின்றார்.

பதினெட்டாம் நூற்றாண்டு எண்ணெய் ஓவியம், சுவர் அகலத்துக்கு. இடி, மின்னல், பிளந்த பாறை. பஞ்சத்தில் வாடி, இரு கைகளையும் விரித்துக் கிடக்கிறார் எலியா தீர்க்கதரிசி. மேகத்தைக் கிழித்துக்கொண்டு இரண்டு காகங்கள் இறங்குகின்றன. தியாகலிங்கம் டிபன் கரியர் மூடியில் சோற்றையும் கத்தரிக்காய்க் கறியையும் வைத்து, "கா... கா..." என்று அழைத்தார். இதுவும் கண்காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கைதட்டினார்கள்.

காவலுக்கு நின்ற மன்னார் யோகராஜா ஓடி வந்தார்.

"அண்ணை, என்ரை வேலைக்கு உலை வைக்கிறியளோ? இஞ்சை சாப்பிடக் கூடாது."

"நான் சாப்பிடேல்லைத் தம்பி. அதுகள் தின்னாமல் நான் சாப்பிடவும் ஏலாது."

"அது எலியாவுக்குச் சாப்பாடு குடுக்க ஆண்டவர் அனுப்பின காகம்."

"ஆர் அனுப்பினால் என்ன, ஏறி ஓடுறது சனீஸ்வரன்."

மேலாளரின் சப்பாத்துச் சத்தம் கேட்டது. யோகராஜா படத்தைக் காட்டினார்.

"வடிவாப் பாருங்கோ அண்ணை. காகத்தின்ரை வாயிலை என்ன?"

"பாண்."

"அப்ப?"

தியாகலிங்கம் யோசித்தார். அந்த ரொட்டியை எலியாவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் தூக்கியது என்பதற்கு என்ன சாட்சி? காகத்தை அவருக்குத் தெரியாதா? இத்தனை வருஷத்தில் எலியாவுக்கு ஒரு துணுக்காவது போய்ச் சேர்ந்ததா?

"ஓம். தின்னுது. கள்ளக் காகம்" என்று மூடியை எடுத்தார்.

வாசல் படியில் உட்கார்ந்து அவர் அள்ளிய வேகத்தைப் பார்க்க, உள்ளே கிடந்த தீர்க்கதரிசியே கழுத்தை நீட்டினாராம். யோகராஜாவுக்கும் இரண்டு வடை கிடைத்தது.

வீட்டில் ராசமணி கேட்டாள்: "காகம் சாப்பிட்டதோ?"

"சாப்பிட்டது. கத்தரிக்காய்க்கு உப்புக் காணாதாம்."