காலி செய்த ஃபோல்டர்

அம்மா இறந்த வருடம், நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருந்த கம்ப்யூட்டரில் அவள் போட்டோக்களை எல்லாம் ஒரே ஃபோல்டரில் சேர்த்தேன். தினமும் மாலை ஆறு மணிக்கு அந்த ஃபோல்டரை இணையத்தில் இருக்கும் ஓர் எஃப்டிபி சர்வருக்குத் தானாக அனுப்ப, கருப்புத் திரையில் கட்டளை தட்டி இயக்கும் மென்பொருள் ஒன்றை அமைத்தேன். இங்கே இல்லாத ஃபைலை அங்கேயும் அழித்துவிடு என்று கட்டளையில் ஒரு சொல்லையும் சேர்த்தேன். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டுமாம். என் அதிகப்பிரசங்கித்தனம். அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. "எல்லாம் சர்வர்ல பத்திரமா இருக்குப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போனேன்.

அடுத்த வருடம் அப்பா மைன்ஸ் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸை ஒப்படைக்கும்போது சுவரில் ஓர் ஆணிகூட இருக்கக் கூடாது என்பார். ஆணிகளைப் பிடுங்கினார், ஓட்டைகளை அடைத்தார். கம்ப்யூட்டரைப் பக்கத்து பிளாக்காரருக்குக் கொடுப்பதாக இருந்ததால், முதல் நாள் மதியம் அந்த ஃபோல்டரையும் அதேபோல் காலி செய்தார். ஆறு மணிக்கு என் கட்டளை தன் வேலையைச் செய்தது.

சென்னையிலிருந்து நான் சர்வரைத் திறந்து பார்த்தபோது ஒன்றுமில்லை. திரும்பப் பெற வழியும் இல்லை.

அந்த வாரம், அப்பா குடிபோயிருந்த மந்தாரக்குப்பம் வாடகை வீட்டுக்குப் போனேன். மாலை போட்ட அம்மாவின் ஒரே படத்துக்காக அப்பா சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"மத்த போட்டோல்லாம் பத்திரமா இருக்குல்ல?"

"இருக்குப்பா."

"நீ சொன்ன தைரியத்துலதான் அழிச்சேன்" என்றார்.