எலமல் பூத்த வீடு

அரூருக்குப் பக்கத்தில் இந்த ஊரில் இப்போதெல்லாம் நாங்கள் உடம்புக்காகக் குளிப்பதில்லை, ஒரு செடிக்காகக் குளிக்கிறோம். கல்லின் மேல் நின்று ஒரு சொம்பு ஊற்றினால் தண்ணீர் ஓடிப்போய் அதன் வேரில் நிற்கும். சோப்புப் போட்டால் என் மனைவி பார்வதி சத்தம் போடுவாள். கண்டி மலைத் தேயிலைத் தோட்டத்தில், மழை எப்போது விடும் என்று ஒழுகும் லயத்து வரிசை வீட்டுக்குள் ஏங்கிக் கிடந்தவர்கள் நாங்கள். இங்கே எழுபத்து மூன்றாம் வருஷத்து வானம் வெளுத்துக் கிடக்கிறது. தோட்டத்தில் இன்னும் கப்பலுக்குக் காத்திருப்பவர்களே, வரும்போது குடை கொண்டுவராதீர்கள். குடம் கொண்டுவாருங்கள்.

செடி பார்க்க இஞ்சி மாதிரி இருக்கும். இடுப்புக்கு மேல் வளரும். பூ மட்டும் வெள்ளைவெளேரென்று, வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்த மாதிரி. கிழங்கை மேலாகப் புதைத்து, நிழல் கொடுத்து, மண் காயாமல் பார்த்துக்கொண்டால் வருஷா வருஷம் தானே துளிர்க்கும். அங்கே ஓடைக்கரையெல்லாம் மண்டிக் கிடந்ததால் யாரும் மெனக்கெட்டு வளர்த்ததில்லை. சிங்களவர்கள் எலமல் என்பார்கள். மல் என்றால் பூ. நாங்களும் அப்படியே சொன்னோம். தமிழில் என்ன பேர் என்று கேட்க வேண்டிய தேவை வரவில்லை.

இங்கே பக்கத்து வீட்டு ராசாத்தியக்கா கேட்டார். கிணறு அவருடையது.

“ஏங்க, இது என்னா செடிங்க?”

“எலமல்ங்க அக்கா,” என்றாள் பார்வதி.

“ஏலமா! ஏலக்காயிங்களா?”

“இல்லீங்க, பூ.”

“பூ பூத்துத்தானுங்க காய்க்கும்? எம் மவ கண்ணாலத்துப் பாயசத்துக்கு உங்க வூட்டு ஏலக்காதான், பாத்துக்கங்க.”

சிலோன்காரர்கள் மடியில் ஏலமும் கிராம்பும் முளைக்கும் என்று இங்கே ஒரு நினைப்பு. நானும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன்; அடக்கத்துக்குச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் ஒரு குடம் தண்ணீரைத் தன் கையாலேயே ஊற்றினார். பெரிய மனசுதான்.

பார்வதி அந்தக் கிழங்கை ஓடைக்கரையில் எடுக்கவில்லை. எங்கள் மகள் செல்விக்கு நாலு வயதில் காய்ச்சல் கண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் முடிந்துவிட்டது. ஓடைக்கு மேலே புதைத்து, தலைமாட்டில் எலமல் நட்டோம். பூத்த நாளெல்லாம், கொழுந்து பறிக்கப் போகும் முன் பார்வதி ஒரு பூவைக் குழிமேல் வைத்துவிட்டுப் போவாள். இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் எங்களைத் தலைக்கணக்கில் பங்கு போட்டுக்கொண்டபோது செத்தவர்களை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. கப்பலேறும் முன் அவள் அந்தத் தலைமாட்டைத் தோண்டி, ஒரு துண்டுக் கிழங்கைச் சேலையில் முடிந்துகொண்டாள்.

ஆவணியில் பூத்தது. வாசம் வேலி தாண்டிப் போயிருக்க வேண்டும், ராசாத்தியக்கா சிரித்துக்கொண்டே வந்தார்.

“காயி எப்பங்க வரும்?”

பார்வதி செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். “காய்க்காதுங்க அக்கா. இது எம் புள்ள குழியில இருந்து கொண்டாந்தது.”

அவர் பின்னால் நகர்ந்தார். “எழவுப் பூவுங்களா? கண்ணாலம் வெச்சிருக்கற வூட்டுத் தண்ணியவா இதுக்கு ஊத்துனேன்?”

அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. கோபம் என்றால் சண்டை போட்டிருப்பேன், பயத்தோடு என்ன சண்டை போடுவது? அன்றைக்கே கிணற்றுக்குப் போகும் வழியை முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். அதனால்தான் இந்தக் குளியல். தூரத்துக் கிணற்றிலிருந்து சுமந்து வரும் தண்ணீர் எங்களையும் நனைத்து அதையும் நனைக்க வேண்டியிருக்கிறது.

இன்று காலை இன்னொரு பூ விரிந்தது. பார்வதி பழைய பழக்கத்தில் பறித்துவிட்டாள். பறித்த பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“எங்கங்க வெக்கிறது?” என்று கேட்டாள்.

செல்வியின் குழி கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வெயில் ஏறி இதழ் பழுக்கும்வரை, பூவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் அந்தக் குளிக்கிற கல்லின் மேலேயே நின்றாள்.