உறவினரல்லாத இருவர்

கம்பஸ் படிக்கும்போது, துறைமுகப் பக்கம் கப்பல் திருத்தும் கம்பனியொன்றில் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். என்னைத் தெரிந்த, உறவினரல்லாத இருவரின் பெயர் கேட்டிருந்தார்கள். விழாவொன்றில் எனக்குப் பரிசு தந்த பெரிய அதிகாரியை, அவரிடம் கேட்காமலே முதலில் போட்டேன். மற்ற இடத்தை நிரப்ப, லீவில் நான் வேலை பழகிய கிண்ணியா எஞ்சின் பட்டறைக்காரர் ரஹீம் நானாவைப் போட்டேன்.

நேர்முகத்தில் என் கண் முன்னாலேயே இருவருக்கும் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்கள்.

“எந்தப் பிள்ளை? ஞாபகம் இல்லையே,” என்றார் அதிகாரி.

“ஓம், தெரியும்,” என்றார் நானா. “பம்ப் ஒண்டை உடைச்சிட்டு ஒரு நாள் மறைச்சவ. அடுத்த நாள் தானாவே வந்து சொன்னவ. இனி உடைச்சா அண்டைக்கே சொல்லுவா. பயப்படாம எடுங்க.”

எடுத்தார்கள். முதல் கிழமையே ஒரு வால்வை உடைத்தேன். நானா எனக்காகக் கொடுத்த வாக்கு இருக்கிறதே. அன்றைக்கே போய்ச் சொன்னேன்.