காதர் பாய் கழுவிக் கொடுத்த ஐந்தாவது ரோல்

நெல்லித்தோப்பு ஸ்டூடியோ காதர் பாய் இன்று காலை காலமாகிவிட்டார்.

வாட்ஸ்அப்பில் பார்த்ததும் நான் நம்பவில்லை. மூன்று பேருக்கு போன் போட்டுக் கேட்ட பிறகுதான் நம்பினேன். என் புத்தி அப்படி... எதையும் லேசில் நம்பாது.

எழுபத்தெட்டில் பிரான்சில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா அங்கே ராணுவத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். அவருடைய கேமராவை வாங்கிக்கொண்டு, அவருடைய புதுச்சேரிக்கார நண்பர் குடும்பத்தோடு ரயிலில் சுவிஸ், இத்தாலி என்று ஒரு சுற்று. எனக்கு இருபத்திரண்டு வயது. அந்த நண்பரின் மகள் செலினுக்குப் பத்தொன்பது.

மொத்தம் ஐந்து ரோல், எல்லாம் பிளாக் அண்ட் ஒயிட். வெனிஸில் போட்ட ஐந்தாவது ரோல் முழுக்க செலின்தான். படகில் செலின், பாலத்தில் செலின், புறாவுக்குப் பயந்து ஓடும் செலின்...

ஊருக்கு வந்ததும் பாயிடம் கழுவக் கொடுத்தேன். நாலு ரோலுக்குத்தான் பிரின்ட் வந்தது.

"அஞ்சாவது ஓடவே இல்ல தம்பி. ஃபிலிமு கேமரா பல்லுல மாட்டல. நீங்க பாட்டுக்கு அடிச்சிருக்கீங்க, உள்ள ஒண்ணும் விழல."

"நாலு ரோலு மாட்டுனவனுக்கு அஞ்சாவது மாட்டத் தெரியாதா பாய்?"

அவர் கவரை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அதுதான் எனக்கு உறுத்தியது.

ஆறே மாதத்தில் செலினுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை எந்த ஊர்? நெல்லித்தோப்பு. பாய் கடையிலிருந்து இரண்டாவது வீடு!

புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்... பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண் என்றால் அப்போது இங்கே தரகர்கள் பறப்பார்கள். ஒரு போட்டோ கையில் கிடைத்தால் போதும். பாய்தான் என் ரோலிலிருந்து பிரின்ட் போட்டுத் தரகரிடம் கொடுத்துவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அதோடு நின்றேனா? எங்கள் உப்பளம் ஏரியாவில் தெரிந்த வீடுகளில் எல்லாம் போய்ச் சொன்னேன்.

"பொம்பளப் புள்ளைங்க போட்டோவ அந்தக் கடையில எடுக்காதீங்க. வெளிய போவுது."

பிரான்ஸ் மாப்பிள்ளைகளுக்கு அனுப்பும் பெண் போட்டோக்கள்தான் அந்தக் கடைக்குச் சோறு போட்டன. கொஞ்சம் கொஞ்சமாக அது நின்றது. பிறகு பாஸ்போர்ட் சைஸ் மட்டும்தான்.

எண்பத்திரண்டில் என் கல்யாணத்துக்கு சாரம் பக்கமிருந்து வேறு ஸ்டூடியோ. ஊருக்காக பாய்க்கும் பத்திரிகை வைத்தேன். கேமரா இல்லாமல் வெறுங்கையோடு வந்தார்.

"லைட்டு உங்க மூஞ்சிக்கு நேரா அடிக்குது தம்பி. ரெண்டடி தள்ளி நில்லுங்க."

இதில் என்ன உள்குத்து என்று யோசித்தேனே தவிர, தள்ளி நிற்கவில்லை. கல்யாணப் படம் எல்லாவற்றிலும் என் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது.

இந்தப் பதிவோடு போட அவர் கழுவிய படம் ஒன்று வேண்டுமே என்று இன்று ஆல்பத்தை எடுத்தேன். ஈபிள் டவர் முன்னால் மாமாவின் கோட்டில் நான். சுவிஸில் ஏதோ ஒரு ஸ்டேஷனில், அக்கா கட்டிக் கொடுத்த புளிசோறோடு நான். இரண்டிலும் என் முழி சரியில்லை. என்னைப் படம் எடுக்கக் கேமராவை வாங்கியவன் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவானோ என்ற பயம்.

ஆல்பத்தின் பின்னால் நெகட்டிவ் கவர். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் பிரித்ததில்லை. பிரின்ட் இருக்கும்போது நெகட்டிவை யார் பார்ப்பார்கள்?

நாலு ரோல் துண்டு துண்டாக வெட்டியிருந்தது. கூடவே வெட்டாமல் சுருட்டிய ஒரு முழு ரோல். அன்றைக்கே அதையும் போட்டுத்தான் கொடுத்திருக்கிறார்.

ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். வெறும் ஃபிலிம். ஓரத்தில் நம்பர்கள் மட்டும்.

வேறு ரோலை மாற்றி வைத்திருப்பாரோ?... ஆமாம், அந்த நிமிஷத்திலும் அப்படித்தான் தோன்றியது எனக்கு.

கறுத்துப் போன நுனியில் ஊசியால் கீறிய இனிஷியல். என்னுடையது. கழுவுகிறவர்கள் ரோலை மாற்றிவிடக் கூடாது என்று அக்கா வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் நானே கீறியது.

அவமானமாக இருக்கிறது.

செலினுக்கு அந்த வரன் எப்படி வந்ததோ, தெரியாது. என் ரோலிலிருந்து போகவில்லை.

அன்று என் பேச்சைக் கேட்டு அந்தக் கடைக்குப் போகாமல் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால்... நான் சொன்னது பொய். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கமாம். வந்துடறேன் பாய்... மன்னிச்சிடுங்க.