முன்சீட்டில் குரங்குக் குல்லா

குரங்குக் குல்லா போட்ட ஆளை மலைப்பக்கத்தில் யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. போன வாரம் அது எனக்கு ரொம்ப உதவியது... உபத்திரவமும் செய்தது.

போடிமெட்டுக்கு மேலே, ஏலக்காய் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு பைதான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒருநாள் ஒர்க்‌ஷாப் நடத்தினேன். சும்மா கேட்டுவிட்டுப் போகிற லெக்சர் இல்லை. நான் புரோகிராம் அடிக்க அடிக்க, அவர்களும் லேப்டாப்பில் அடிக்க வேண்டும். பாடம் முழுக்க இணையத்தில் திறந்து கிடக்கிறது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், சேர்க்கலாம். பாதி, ஒரு வெளிநாட்டுப் பாடத்திலிருந்து நான் எடுத்தது. மீதி என் சொந்தச் சரக்கு — பக்கத்துக்குப் பக்கம் ஜோக்குகள் உட்பட!

அதே வாரம் சனிக்கிழமை இதே பாடத்தை மதுரையில் பெரிய கூட்டத்துக்கு நடத்த வேண்டியிருந்தது. தப்பு இருந்தால் மானம் போய்விடும். அதனால் கடைசியில் கெஞ்சாத குறையாகக் கேட்டேன்: "எங்க இடிக்குதுன்னு சொல்லுங்க. நீங்களே திருத்திக்கூட அனுப்பலாம்."

"ஒரு குறையும் இல்ல சார். சூப்பர்!" என்றார் பூச்சி ஆராய்ச்சி முருகேசன், ராசிங்காபுரத்துக்காரர். பக்கத்தில், மழை அளவு பார்க்கும் செல்வி பலமாகத் தலையாட்டினார்.

நம்பலாமா? கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு "சாம்பார்ல உப்பு இல்லை" என்று நம்மில் யார் சொல்லியிருக்கிறோம்? "பிரமாதம்" என்று சொல்லி, தாம்பூலப் பையை வாங்கி, பஸ் ஏறிய பிறகுதானே உப்பைப் பற்றி ஆரம்பிக்கிறோம்?

எனக்கு வரவேண்டிய கார் வரவில்லை. குளிர் வேறு. குல்லாவை இழுத்து மாட்டிக்கொண்டு, கிளம்ப நின்ற ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "வெரசா ஏறுங்கப்பா" என்றார் டிரைவர். பின்னால் தடதடவென்று ஏறியது... நம்ம ஆட்கள்தான்!

முதல் வளைவு திரும்பவில்லை, ஆரம்பித்துவிட்டார்கள்.

"அண்ணே, அந்த மூணாவது பயிற்சி உங்களுக்கு ஓடுச்சா?" இது செல்வி.

"எங்கிட்டு ஓடுச்சு? ஃபைல் பேரையே தப்பாக் குடுத்திருக்காரு மனுஷன். ஸ்கிரீன் பூராம் செவப்பா எரரு. நீ தலையாட்டுனியேத்தா?"

"நீங்க ஆட்டுனீங்களேன்னு நானும் ஆட்டுனேன்!"

அடப்பாவிகளா! திரும்பப் போன கழுத்தை அடக்கிக்கொண்டேன்.

"ஐஸ் கொட்டுற கணக்க உதாரணமாப் போட்டிருக்காரே... போடியில என்னைக்குண்ணே ஐஸ் கொட்டுச்சு? நான் நம்ம ஏலத்தோட்டத்து மழைக் கணக்க வச்சு மாத்தி எழுதிட்டேன். ஜம்முனு ஓடுது."

"அத அவருக்கு அனுப்ப வேண்டியதுதான?"

"அய்யய்யோ! சாரு மனசு சங்கடப்படும்ல?"

சங்கடமா? மதுரையில் என் மானத்தைக் காப்பாற்றப்போகிற சரக்கு, என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது! திரும்பினால் எல்லா வாயும் மூடிக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எல்லாத்தையும் விடப் பெரிய தப்பு ஒண்ணு இருக்குல்ல..." என்றார் முருகேசன். ஜீப்பே குலுங்குகிற மாதிரி சிரித்தார்கள்.

பொறுக்க முடியவில்லை. குல்லாவைக் கழற்றிவிட்டுத் திரும்பினேன். "என்ன தப்புங்க அது?"

டிரைவர் அண்ணன் அடுத்த வளைவில் ஹாரன் அடிக்கக்கூட மறந்துவிட்டார்.

"தப்பா? ஒண்ணும் இல்ல சார். சூப்பர்!"

போடி வரும்வரை கெஞ்சினேன். இறங்கும்போது செல்வி, "கோவிச்சுக்கிடாம இருந்தா அனுப்புறேன் சார்" என்றார். கோபமா, எனக்கா? எதை மாற்றினாலும் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன் என்று நடுரோட்டில் சத்தியம் செய்தேன்.

மறுநாள் காலை திருத்தம் வந்தது. ஃபைல் பெயர் சரி. ஐஸ் போய் ஏலத்தோட்டத்து மழை வந்திருந்தது. எல்லாப் பயிற்சியும் ஓடியது. சந்தோஷத்தில் இன்னொரு டீ குடித்தேன். பாடம் மட்டும் கொஞ்சம் இளைத்த மாதிரி தெரிந்தது. மேலும் கீழும் தேடினேன்... என் ஜோக்கு ஒன்றுகூட இல்லை!

கடைசியில் ஒரு குறிப்பு: "பெரிய தப்பும் சரி செய்யப்பட்டது. இப்ப நெஜமாவே சூப்பர் சார்!"

சத்தியம் செய்தாகிவிட்டதே, ஏற்றுக்கொண்டேன். மதுரை பிழைத்தது.

எடுத்த ஜோக்குகளை என்ன செய்வதா? வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்க நீங்கள் இருக்கிறீர்களே!